குட்டையில் மீன் வளர்ப்பு: கடையில் விற்காத வேலைகள்

பெங்களூரில் வேலை, ஓசூர், தளி, மாலூர், ஆனேக்கல் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் நிலம். நம் தமிழ்க்காரர்களில் இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். நிலத்தில் போர்வெல், ஒரு பண்ணைக்குட்டை, அதில் பிளாஸ்டிக் ஷீட். கர்நாடகத்தில் இதைக் கிருஷி ஹொண்டா என்பார்கள். தண்ணீர் சும்மாதானே நிற்கிறது, மீன் விடலாமே என்று தொடங்குகிறவர்களுக்காக இந்தப் பதிவு. தொடங்கி ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கும்தான்.

மீன் வளர்ப்பில் 'சிறந்த மேலாண்மை முறைகள்' என்று துறைக்காரர்கள் கொடுக்கும் பட்டியல் நீளமானது. அதில் எவை சிறு பண்ணைகளுக்குள் வந்திருக்கின்றன, எவை வரவில்லை என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பாக்கெட்டில் வருவதெல்லாம் வந்துவிட்டது: புரோபயாடிக், ஜியோலைட், மினரல் மிக்ஸ், ஆக்ஸிஜன் மாத்திரை. குட்டையைக் காயப்போடுவது, குஞ்சை எண்ணி வாங்குவது, மாதம் ஒரு முறை எடை பார்ப்பது, விடியற்காலையில் தண்ணீரைப் பார்ப்பது ஆகியவை வரவில்லை. இவற்றை விற்க ஏஜென்ட் யாரும் பைக்கில் வருவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. காலை ஐந்து மணிக்குக் குட்டையருகே நிற்க வேண்டியவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சம்பளக்காரர். லாபம் போவது பெங்களூர் மாரத்தஹள்ளியில் தூங்கிக்கொண்டிருப்பவருக்கு. எந்த முறையைச் சொன்னாலும் அதைக் கையால் செய்யப்போகிறவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று முதலிலேயே பேசிவைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கணக்குக்கு ஒரு குட்டையை எடுத்துக்கொள்வோம். மேலே 21 மீட்டருக்கு 21 மீட்டர், ஆழம் 3 மீட்டர். சரிவு 1:1 என்றால் அடித்தளம் 15க்கு 15. நிரம்பினால் சுமார் 980 கனமீட்டர் தண்ணீர், அதாவது 9.8 லட்சம் லிட்டர். நீர்ப்பரப்பு 441 சதுர மீட்டர். ஏக்கரில் ஒன்பதில் ஒரு பங்குதான். இந்தக் கடைசி எண்ணை மனதில் வையுங்கள். நெட்டில் கிடைக்கும் அளவுகள் எல்லாம் ஹெக்டேருக்குச் சொன்னவை. அவற்றைச் சுருக்கத் தெரியாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டியவர்கள் உண்டு.

மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஷீட் போட்ட குட்டையின் சரிவு பாசி படிந்து வழுக்கும். தவறி விழுந்தால் நீந்தத் தெரிந்தவர்கூட ஏறி வர முடியாது. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், பழைய டயர்களைக் கோத்து ஒரு மூலையில் ஏணி மாதிரி இறக்குங்கள், சுற்றி வேலி போடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மண் குட்டை என்றால் முழுக்க வடித்து, அடிமண் வெடிப்பு விடும்வரை காயப்போட வேண்டும். அடியில் சேர்ந்த கழிவு காற்றுப் பட்டு மக்கும், ஒட்டுண்ணிகளின் முட்டை சாகும், ஒளிந்திருக்கும் விராலும் கெளுத்தியும் போகும். பிறகு சுண்ணாம்பு. ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ என்பது பொது அளவு. நம் குட்டைக்கு 9 முதல் 11 கிலோ வரும். மண் புளிப்பாக இருந்தால் கூடுதலாக வேண்டும். ஷீட் குட்டையில் வெடிப்புக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. அடிச்சேற்றைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டி அள்ளினால் போதும். மண்வெட்டியை மட்டும் உள்ளே இறக்காதீர்கள், ஷீட் கிழியும். அள்ளிய பிறகு அடித்தளத்தில் அரை அடி முதல் ஒரு அடி வரை நல்ல மண் பரப்பினால் தண்ணீர் பச்சை பிடிப்பது, அதாவது மீனுக்கு இரை தரும் பாசி வளர்வது எளிது, அடியில் மேயும் மீனுக்கும் இரை உண்டாகும்.

குட்டையை வடிக்க முடியாதபோது களைமீனை, அதாவது நாம் விடாமல் தானாக வந்து சேர்ந்த மீனை, அழிக்க இரண்டு வழிகள். முதலாவது இலுப்பைப் பிண்ணாக்கு: ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 250 கிராம். தண்ணீரை 1 மீட்டருக்கு இறக்கிவிட்டால் நம் குட்டையில் இருப்பது சுமார் 256 கனமீட்டர், தேவை 64 கிலோ. இறக்காமல் நிரம்பிய குட்டையில் போட்டால் அதே வேலைக்கு 245 கிலோ ஆகும். பிண்ணாக்கை முதல் நாள் ஊறவைத்துக் கரைத்து, பரவலாக ஊற்றி, வலையால் கலக்கிவிட வேண்டும். சில மணி நேரத்தில் மீன் மேலே வரும். அதைச் சாப்பிடலாம், விற்கலாம். நஞ்சு இறங்க 15 முதல் 20 நாள் ஆகும், அதன் பிறகு அதுவே உரமாகும். தண்ணீர் பச்சை பிடிக்கப் போடும் அடியுரச் சாணத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிளீச்சிங் பவுடர்: கனமீட்டருக்கு 35 கிராம், அதே 256 கனமீட்டருக்கு 9 கிலோ. இதன் வீரியம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, சுண்ணாம்பையும் பிளீச்சிங்கையும் ஒரே நாளில் போடுவது. சுண்ணாம்பு தண்ணீரின் கார அமில நிலையை (pH) ஏற்றிவிடும். ஏறினால் குளோரினின் வேகம் குறையும். ஆக முதலில் பிளீச்சிங், சில நாள் கழித்துச் சுண்ணாம்பு. ஈரமான மூட்டையோ, வருஷக்கணக்கில் கடையில் கிடந்த மூட்டையோ வாங்காதீர்கள், குளோரின் எப்போதோ போயிருக்கும். எதைப் போட்டாலும் குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் சின்ன வலைத்தொட்டிலில் பத்துப் பதினைந்து குஞ்சுகளை விட்டு 24 மணி நேரம் பாருங்கள். அவை துள்ளினால் மற்றவற்றை விடலாம்.

இனி குஞ்சு எண்ணிக்கை. விற்பவர் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. சின்ன வலைக்கரண்டியால் ஒரு முறை அள்ளி, நம் கண் முன்னால் எண்ணிக் காட்டுவார். நூற்று இருபது வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கரண்டியால் பத்து முறை அள்ளி, 'ஆயிரத்து இருநூறு ஆச்சுண்ணா' என்பார். முதல் கரண்டி தண்ணீர் வடித்து, குவித்து, நிதானமாக வரும். அடுத்தவை தண்ணீரோடு வேகமாக வரும். பத்தும் முடிந்தால் ஆயிரத்து இருநூறு என்று சொன்னது எண்ணூறாகக்கூட இருக்கலாம். ஏமாற்று என்று சண்டை போட வேண்டியதில்லை. நடுவில் ஏதாவது ஒரு கரண்டியை 'இதையும் எண்ணிடலாம்ணா' என்று சொல்லுங்கள், போதும். இந்த எண் தப்பினால் அடுத்த பத்து மாதத்துக்குத் தீவனக் கணக்கு முழுக்கத் தப்பும்.

நம் அளவுக் குட்டைக்கு 400 விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) போதும், சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இல்லாமல் ஆயிரம் விடுவது பேராசை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் 4:3:3 என்று விடலாம். அடியில் மண் பரப்பாத ஷீட் குட்டை என்றால் அடியில் மேயும் மிர்காலைக் குறைத்து ரோகுவைக் கூட்டுங்கள். சாதாக்கெண்டை ஆறு மாதத்திலேயே முட்டை வைத்து, குட்டை முழுக்கப் பொடிக்குஞ்சாக நிரப்பும் குணம் கொண்டது. இதற்கு மாற்றாக ஹங்கேரியிலிருந்து வந்த அமூர் கெண்டை ரகம், பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டாவில் உள்ள பல்கலைக்கழக மீன் ஆராய்ச்சி மையத்தின் வழியாகத்தான் கர்நாடக விவசாயிகளுக்குப் பழக்கமானது. அது பருவத்துக்கு வரத் தாமதமாகும், எனவே உடம்பு வைக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டாம். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை உள்ளது. கோழிக்கடைக் கழிவு போட்டு வளர்த்த அந்தக் குட்டைகளின் நாற்றம் ஹொஸ்கோட்டே பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

ஊரின் குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெங்களூரு, ஓசூர் எல்லாம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். கட்லா, ரோகு நன்றாக வளர்வது 25 முதல் 32 டிகிரித் தண்ணீரில். டிசம்பர், ஜனவரியில் இங்கே அது கிடையாது. மீன் இரையெடுப்பது பாதியாகும். பிப்ரவரியில் வளர்ச்சி திரும்ப வேகமெடுக்கும்போது குட்டையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும். தஞ்சாவூரிலோ கோதாவரிக்கரையிலோ ஓராண்டில் ஒரு கிலோ வந்தது என்ற வீடியோவை வைத்து இங்கே கணக்குப் போட்டால் உதைக்கும். இதற்குத் தீர்வு, இரண்டு அங்குலக் குஞ்சை விட்டுவிட்டு பெரிய குஞ்சை வாங்குவது. நெருக்கமாக விட்டு, குறைவாகத் தீவனம் போட்டு ஒரு வருஷம் நிறுத்திவைத்த குஞ்சுகள் ஆந்திராவில் பரவலாகக் கிடைக்கும். 50, 100 கிராம் இருக்கும். இடமும் இரையும் கிடைத்ததும் கிடுகிடுவென வளரும். விலை அதிகம். ஆனால் எட்டு மாதம் மட்டுமே தண்ணீர் நிற்கும் குட்டைக்கு இதுதான் சரி.

குஞ்சுப் பையைக் கொண்டுவந்ததும் அவிழ்த்துக் கொட்டக் கூடாது. பையோடு குட்டையில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு பையைத் திறந்து குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குஞ்சு தானாக நீந்திப் போகும்படி சாய்க்க வேண்டும். காலையோ மாலையோ செய்யுங்கள். பையில் செத்தவற்றை எண்ணிக் குறித்துவைப்பதும் முக்கியம்.

தீவனத்தில்தான் பணம் கரையும். எவ்வளவு போட வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. மாதம் ஒரு நாள் காலையில், மூன்று இடத்தில் வீச்சு வலை போட்டு 25 மீனைப் பிடியுங்கள். தண்ணீர் உள்ள வாளியைத் தராசில் வைத்து, மீனை அதில் விட்டு எடையைப் பாருங்கள். 25 மீனுக்கு 5 கிலோ என்றால் ஒன்று 200 கிராம். விட்டது 400, பிழைத்தது 340 என்று வைத்தால் குட்டையில் 68 கிலோ மீன் இருக்கிறது. அதில் 2.5 சதவீதம், அதாவது நாளுக்கு 1.7 கிலோ தீவனம். அடுத்த மாதம் ஒன்று 270 கிராம் இருந்தால் மொத்தம் 92 கிலோ. ஏறியது 24 கிலோ, போட்டது 51 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தீவனம். 28 சதவீதப் புரதமுள்ள குச்சித் தீவனத்துக்கு (பெல்லட்) இது சுமார். நன்றாக நடத்தினால் ஒன்றரை வரை இறங்கும். தவிடும் பிண்ணாக்கும் என்றால் மூன்றுக்கு மேல் போவது சகஜம். குச்சித் தீவனம் போட்டும் மூன்றைத் தாண்டுகிறது என்றால் மீன் நீங்கள் நினைத்த எண்ணிக்கையில் இல்லை, அல்லது எங்கிருந்தோ வந்த ஜிலேபி மீன் அதைத் தின்கிறது.

இன்னொரு செய்தி: கட்லா மிதவைத் தீவனத்தை விரும்பி எடுக்காது. அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் மீன். ரோகு மேலே வந்து குச்சியைப் பொறுக்கும். மிதவைத் தீவனம் மட்டும் போட்டுவிட்டுக் கட்லா வளரவில்லை என்பவர்கள் தண்ணீரின் பச்சையைப் பார்க்க வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, பழைய உர மூட்டையின் அடியில் விரல் நுழையும் துளைகள் போட்டு, கம்பில் கட்டித் தண்ணீரில் பாதி மூழ்க விடும் ஆந்திர முறை இன்றும் சிக்கனமானது. நம் குட்டைக்கு இரண்டு மூட்டை போதும். இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டையில் மிச்சமிருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். பாவம் பட்டினி கிடக்கும் என்று கூடுதலாகப் போட்ட பிடி எல்லாம் அடியில் அழுகி, கீழே சொல்லப்போகும் சிக்கலில் முடியும்.

அந்தச் சிக்கலின் பெயர் ஆக்ஸிஜன். காலை ஐந்தரைக்குத் தோட்டத்திலிருந்து போன்: 'அண்ணா, மீன் எல்லாம் மேல வந்து வாயத் தொறக்குதுண்ணா'. பகலில் பாசி ஆக்ஸிஜனை உண்டாக்கும். இரவில் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைத் தின்னும். விடிவதற்குச் சற்று முன்புதான் அது அடிமட்டத்தில் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் மீன் மேலே வரும். பெரிய கட்லாதான் முதலில் சாகும், சாதாக்கெண்டை கடைசி வரை தாங்கும். விடியலில், பெரிய மீனாகப் பார்த்து, வாய் பிளந்து செத்துக்கிடந்தால் ஆக்ஸிஜன் குறைவு. நடுப்பகலில் சிறிதும் பெரிதும் ஒன்றாகச் செத்தால் விஷம்; பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள்.

போன் வந்ததும் செய்ய வேண்டியது: அன்றைக்குத் தீவனம் நிறுத்தம். பம்பைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே உயரத்திலிருந்து துளையிட்ட குழாய் வழியாக மழை போல் விழவிடுங்கள். போர்வெல் தண்ணீர் விட்டாலும் அப்படியே விழ வேண்டும். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இராது, கார்பன் டை ஆக்சைடு இருக்கும். குழாயை அடியில் விட்டால் நிலைமை மோசமாகும். அந்த நேரத்தில் சுண்ணாம்போ புரோபயாடிக்கோ கொட்டுவதில் பலனில்லை. புரோபயாடிக் பாக்டீரியாவும் ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும்.

வராமல் தடுப்பதற்குக் கருவி உங்கள் முழங்கை. நல்ல வெயிலில், கையைத் தண்ணீருக்குள் நேராக விடுங்கள். முழங்கை மூழ்கும் நேரத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. மணிக்கட்டு மூழ்கும்போதே கை மறைந்தால் பாசி அளவுக்கு மிஞ்சிவிட்டது. சாணம், யூரியா, தீவனம் மூன்றையும் நிறுத்தி, கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள். தோள்வரை விட்டும் விரல் தெரிந்தால் மீனுக்கு இரை இல்லை. சேற்றுக் கலங்கலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பெய்யும் இடி மழைக்கு மறுநாள் தனி ஆபத்து. மூன்று மீட்டர் ஆழக் குட்டையில் மேல் தண்ணீர் சூடாக இருக்கும், அடித் தண்ணீர் ஆக்ஸிஜன் இல்லாமல் கிடக்கும், இரண்டும் கலக்காது. ஆலங்கட்டியோடு குளிர்ந்த மழை கொட்டினால் அந்தக் கனத்த தண்ணீர் கீழே இறங்கி, அடியிலிருப்பதை மேலே தள்ளும். ஒரே இரவில் குட்டை காலி. நகரத்து ஏரிகளில் மீன் செத்து மிதப்பதில் இதோடு சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை வரும்போல் இருந்தால் அன்று மாலைத் தீவனத்தை நிறுத்தி, பம்பைத் தயாராக வையுங்கள். மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, ஆதலால் ஒரு சின்ன பெட்ரோல் பம்பு அந்த ராத்திரிக்குக் காப்பீடு.

கரண்ட் என்றதும் பயோஃபிளாக். தொட்டியில் மீனை நெருக்கமாக விட்டு, கழிவில் வரும் அம்மோனியாவை, வெல்லம் போட்டு வளர்க்கும் பாக்டீரியாவால் அடக்கும் முறை இது. நான்கு மீட்டர் விட்டத் தார்பாய்த் தொட்டி, ஒரு மீட்டர் தண்ணீர், 12,500 லிட்டர். மொட்டை மாடியில்கூட வைக்கலாம் என்று விளம்பரம் பார்த்து ஐடி நண்பர்கள் பலர் இறங்கினார்கள். கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை: தண்ணீரில் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 12,500 லிட்டரில் 12.5 கிராம், அதற்கு ஆறு மடங்கு கார்பன், 75 கிராம், வெல்லத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கார்பன், எனவே 190 கிராம் வெல்லம். இதைத் தினமும் செய்யலாம். ஆனால் காற்று ஒரு மணி நேரம் நின்றால் நெருக்கமாக விட்ட மீன் தாங்காது. இன்வெர்ட்டரும், அது போனால் ஜெனரேட்டரும், அதைப் போட ராத்திரி விழித்திருக்கும் ஆளும் இல்லாத இடத்தில் பயோஃபிளாக் வேண்டாம் என்பதே என் கருத்து. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 2020 முதல் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைத்தார்கள். மானியம் தொட்டிக்குக் கிடைக்கும், ராத்திரி விழிப்புக்குக் கிடைக்காது.

நோய் பற்றிச் சுருக்கமாக. குளிர் மாதங்களில் உடம்பில் சிவந்த புண் வந்தால் அது பெரும்பாலும் புண்நோய். குளிருக்கு முன்பே, நவம்பரில் ஒரு முறை சுண்ணாம்பு தெளிப்பது நல்லது. புவனேசுவரத்தில் தலைமையிடம் கொண்ட மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்து இதற்கானது. ஹெக்டேருக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு லிட்டர். நம் குட்டை நிரம்பியிருந்தால் 100 மில்லிதான் வரும். அந்த நிறுவனத்துக்கு ஹெசரகட்டாவில் மண்டல மையமும் இருக்கிறது. மீன் உடம்பை ஷீட்டில் தேய்த்துத் துள்ளினால் மீன் பேனைத் தேடுங்கள்; செதிலில் பச்சரிசி அளவில் தட்டையாக ஒட்டியிருக்கும். கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக் எதையும் குட்டையில் கொட்டாதீர்கள். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் வகைகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

பெரிய ஏரிகளைக் குத்தகை எடுத்து வளர்ப்பவர்களின் நிலை வேறு. குறுகிய காலக் குத்தகையில் இருப்பவரிடம் ஏரிக்குச் சுண்ணாம்பு போடு, களைமீனை ஒழி என்றால் ஏன் செய்வார்? பலன் அடுத்த ஏலக்காரருக்குப் போகும். அறியாமை என்று பழி போடுவது சுலபம், அவர் போட்ட கணக்கு சரியானது. குத்தகைக் காலம் நீளாமல் அங்கே எந்த முறையும் வேர் பிடிக்காது. ஆந்திர இறால் பண்ணைகளில் இது வேறு விதமாக நடந்தது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து சிறு பண்ணைகள் சரிந்த பிறகு, கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் வெளிநாட்டு நிபுணர் உதவியோடு ஊர்வாரியாகச் சிறு பண்ணையாளர்களைக் குழுவாக்கியது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒரே சமயத்தில் குஞ்சு விடுவது, குஞ்சைச் சேர்ந்து சோதித்து வாங்குவது, நோய் வந்தவர் தண்ணீரைத் திறக்கும் முன் மற்றவர்களுக்குச் சொல்வது என்பவை குழுவின் விதிகள். அந்த வேலையைத் தொடரவே 2007இல் தனி மையம் அமைந்தது. பக்கத்துப் பண்ணையின் தண்ணீர் நம் பண்ணைக்குள் வரும் என்பதால் அங்கே சேர வேண்டிய கட்டாயம் இருந்தது. நம் குட்டைகள் தனித்தனி. அந்தக் கட்டாயம் இல்லை. குஞ்சு வாங்குவதில் மட்டும் ஆறேழு பேர் சேர்ந்தால் பலன் உடனே தெரியும்: ஒரே வண்டி, நல்ல பண்ணையிலிருந்து, ஜூனிலேயே சொல்லிவைத்து, எண்ணி வாங்கலாம்.

விற்பனைக்கு வருவோம். கட்லா, ரோகு என்றால் ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் தினமும் பெங்களூரு வந்திறங்குகிறது. அதோடு விலையில் போட்டி போட நமக்கு வழியில்லை. நம்மிடம் இருப்பது உயிர் மீன். ஞாயிற்றுக்கிழமை காலையில், குட்டைக்கரையிலேயே, 500 லிட்டர் தொட்டியில் காற்றுக்குழாய் போட்டுத் துள்ளத் துள்ள விற்றால் சுற்றியுள்ள அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவே போதும். அதற்காக எல்லா மீனையும் ஒரே நாளில் இழுக்காதீர்கள். முக்கால் கிலோவைத் தாண்டியவற்றை மட்டும் பெரிய கண் வலையால் எடுத்தால் மீதிக்கு இடம் கிடைக்கும், அவை வேகமாகத் தேறும். பிடிப்பதற்கு முந்தைய நாள் தீவனம் கூடாது. வயிறு நிறைந்த மீன் தொட்டியைக் கெடுக்கும், சீக்கிரம் சாகும். தண்ணீர் மேல் நீலப்பச்சைப் படலம் இருந்தால் மீனில் சேற்று வாடை அடிக்கும். அப்போது விற்பனையைத் தள்ளிவைத்து, தண்ணீரை மாற்றி, சுத்தமான தொட்டியில் சில நாள் வைத்து, ஒரு மீனைக் குழம்பு வைத்துப் பார்த்த பிறகு குழுவில் செய்தி போடுங்கள். ஒரு ஞாயிறு வாடை மீன் வாங்கியவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.